ராமேஸ்வரமா, கீழக்கரையா? செலவு எங்கே குறையும்?

"மாதம் 30,000 ரூபாய் பென்ஷன். நானும் மனைவியும்தான். மாதம் இரண்டு முறை ராமநாதபுரத்தில் டாக்டரைப் பார்க்க வேண்டும். குடியேற ராமேஸ்வரம் மலிவா, கீழக்கரையா?" என்று ஒரு வாசகர் கேட்கிறார்.

அரிசி, காய்கறி விலையை ஒப்பிட்டுப் பயனில்லை. இரண்டு ஊருக்கும் காய்கறி வெளியிலிருந்துதான் வருகிறது. பெரிய வித்தியாசம் இருக்காது. கையைக் கடிப்பவை வாடகையும் தண்ணீரும் பஸ்ஸும்.

ராமேஸ்வரத்தில் கோயில் பக்கம் வீடு தேடாதீர்கள். ஆடி அமாவாசை, தை அமாவாசைக் கூட்டத்துக்கு நாள் வாடகைக்கு விட்டாலே காசு பார்க்கும் இடத்தில், மாத வாடகைக்கு யார் இறங்கி வருவார்கள்? தங்கச்சிமடம், பாம்பன் பக்கம் விசாரியுங்கள், அதுவும் தீவுதான். கீழக்கரையில் வளைகுடா சம்பாத்தியத்தில் கட்டிய பெரிய வீடுகள் உண்டு. ஆனால் தெரிந்தவர் ஒருவர் சொன்னால்தான் சாவி கைக்கு வரும்.

தண்ணீர்தான் பலர் கணக்கில் விட்டுவிடுவது. கடற்கரையை ஒட்டிய பல தெருக்களில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்பு. சமையலுக்கும் குடிக்கவும் இரண்டு நாளுக்கு ஒரு கேன் என்றால் மாதம் 15 கேன். ஒன்று 35 ரூபாய் என்றே வைத்தாலும் 525 ரூபாய். அப்புறம் உப்பு அரித்த குழாய், மோட்டார் ரிப்பேர் தனி.

மீன் சாப்பிடுபவரா? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுக்குத் தடை. வள்ளத்து (நாட்டுப்படகு) மீன் கிடைக்கும், விலைதான் ஏறும். இது இரண்டு ஊருக்கும் பொது.

டாக்டர் விஷயத்தில்தான் முடிவே இருக்கிறது. ராமநாதபுரத்துக்கு ராமேஸ்வரத்திலிருந்து சுமார் 55 கிலோமீட்டர், கீழக்கரையிலிருந்து சுமார் 17. ராமேஸ்வரத்தில் இருந்தால் டாக்டரைப் பார்த்துத் திரும்ப ஒரு நாளே போய்விடும். வெளிச்சாப்பாட்டுச் செலவு வேறு. நடுராத்திரி நெஞ்சு வலித்தால் வாடகைக் காருக்கு எவ்வளவு ஆகும் என்பதையும் இப்போதே கேட்டு வையுங்கள். ராமேஸ்வரத்தில் ரயில் உண்டு, கீழக்கரையில் இல்லை என்பது உண்மை. ஆனால் நடுராத்திரி அவசரத்துக்கு ரயிலை நம்பிக் காத்திருக்க முடியாதே!

உங்கள் நிலையில் நான் கீழக்கரையைத்தான் எடுப்பேன். வாடகை 1,000 ரூபாய் கூடினாலும் சரி. வீடு பார்க்கப் போகும்போது குழாயைத் திறந்து ஒரு வாய் கொப்பளித்துப் பாருங்கள். நகராட்சித் தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது என்பதை வீட்டுக்காரரிடம் கேட்காதீர்கள், பக்கத்து வீட்டு அம்மாவிடம் கேளுங்கள்.