ஜி.டி.சி.க்குக் கட்டியாச்சு, சங்கத்துக்கும் கட்ட வேண்டுமா?

கேள்வி: லண்டனில் கடந்த வருடம் டென்டல் ஹைஜினிஸ்டாக (பல்லையும் ஈறையும் சுத்தம் செய்து பராமரிப்பவர்) தகுதி பெற்றேன். ஒரு கிளினிக்கில் இரண்டு நாள் சம்பளத்துக்கும், இன்னொன்றில் மூன்று நாள் சுயதொழிலாகவும் வேலை செய்கிறேன். பதிவுக்காக ஜெனரல் டென்டல் கவுன்சிலுக்கு (ஜி.டி.சி.) வருடாவருடம் பணம் கட்டுகிறேன். கூடப் படித்தவர்கள் எங்கள் தொழிலுக்கான சங்கத்திலும் சேரச் சொல்கிறார்கள். கட்டாயமில்லாத ஒன்றுக்கு ஏன் காசு கொடுக்க வேண்டும்?

பதில்: ஜி.டி.சி. உங்களுடைய ஆள் இல்லை. அது நோயாளர்களைப் பாதுகாக்க இருக்கிற அமைப்பு. உங்கள் மேல் முறைப்பாடு வந்தால் விசாரிக்கிற இடமும் அதுதான். நீங்கள் கட்டுகிற காசில் நடக்கிறது என்பதற்காக உங்கள் பக்கம் நிற்கும் என்று நினைத்துவிடாதீர்கள்.

நானும் முதல் இரண்டு வருடம் உங்களைப் போலத்தான் கணக்குப் பார்த்துச் சேராமல் இருந்தேன். மூன்றாம் வருடம், தோழி ஒருத்தியின் நச்சரிப்புத் தாங்காமல் பிரிட்டிஷ் சொசைட்டி ஒஃப் டென்டல் ஹைஜீன் அன்ட் தெரபியில் சேர்ந்தேன். 1949இல் தொடங்கிய சங்கம் அது. சேர்ந்து சில மாதத்தில் ஒரு கடிதம் வந்தது. ஈறு வீங்கி, பற்காரை கட்டியிருந்த ஒருவருக்கு நான்கு தடவையாக ஆழமாகச் சுத்தம் செய்திருந்தேன். உங்களுக்குத் தெரியும், வீக்கம் வற்றினால் ஈறு சுருங்கும், அதுவரை மறைந்திருந்த பல் இடைவெளி வெளியே தெரியும். அவர் கண்ணாடியில் அதைப் பார்த்துவிட்டு, நான் பல்லைத் தேய்த்து ஓட்டையாக்கிவிட்டேன் என்று எழுதியிருந்தார். கிளினிக் முகாமையாளரோ, "நீங்கள் சுயதொழில்தானே" என்று சொல்லிக் கை கழுவிவிட்டார்.

சங்கத்தின் பிராந்தியக் கூட்டத்தில் பழகிய மூத்த ஹைஜினிஸ்ட் ஒருவரை அன்றிரவே அழைத்தேன். அவர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. ஈறு சுருங்கும் என்று முன்கூட்டியே சொன்னதைக் குறிப்பில் எழுதினேனா என்று கேட்டார். எழுதியிருந்தேன், ஒரே ஒரு வரி. காப்புறுதிக்காரரிடம் பேசுமுன் நோயாளருக்கு ஒரு சொல்லும் பதில் போட வேண்டாம் என்றார். அதற்குள் நான் பாதி மன்னிப்புக் கடிதம் எழுதி வைத்திருந்தேன்!

காப்புறுதி என்றதும் உங்கள் இரண்டு கிளினிக்கையும் பிரித்துப் பாருங்கள். காப்புறுதி இல்லாமல் வேலை செய்ய இங்கே சட்டம் இடம் கொடுக்காது. சம்பளத்துக்கு வேலை செய்கிற இடத்தில் முதலாளியின் பொலிசி உங்களையும் சேர்த்துக்கொள்ளலாம், ஆனால் அதை எழுத்தில் வாங்குங்கள். ஜி.டி.சி. விசாரணை என்று வந்தால் உங்கள் சட்டத்தரணிக்கும் அது பணம் கொடுக்குமா என்று கேளுங்கள். பல இடங்களில் ஆட்கள் தடுமாறுவது இந்தக் கேள்வியில்தான். மற்ற மூன்று நாளுக்கு உங்கள் சொந்தக் காப்புறுதி வேண்டும். அதிலும் இரண்டு விதம் உண்டு. சிகிச்சை நடந்த நாளில் பொலிசி இருந்தால் போதும் என்பது ஒன்று. முறைப்பாடு வருகிற நாளிலும் பொலிசி உயிரோடு இருக்க வேண்டும் என்பது மற்றது. பல் விஷயத்தில் முறைப்பாடு சில வருடம் கழித்தும் வரும். இரண்டாவது வகையை வைத்திருந்து, குழந்தை பிறந்து வேலையை நிறுத்தினால், அந்த இடைவெளிக்கும் பாதுகாப்பு வாங்க வேண்டியிருக்கும். சங்கச் சந்தாவில் காப்புறுதியும் அடங்கியிருக்கிறது என்று நீங்களாகவே நினைத்துக்கொள்ள வேண்டாம். அடங்குமா, தனியாக வாங்கினால் கழிவு உண்டா என்று சேருமுன் கேளுங்கள்.

ஜி.டி.சி. கேட்கிற தொடர் பயிற்சி மணித்தியாலத்துக்காகச் சேர வேண்டியதில்லை. ஐந்து வருடத்தில் 75, தொடர்ச்சியான எந்த இரண்டு வருடத்திலும் குறைந்தது 10. இதை இலவசமாகவே சேர்த்துவிடலாம்.

அடுத்தது, கண்ணுக்குத் தெரியாத லாபம். 2013 மே 1 முதல் பல் வைத்தியரை முதலில் பார்க்காமலே நோயாளர் நம்மிடம் நேரே வரலாம். 2024 ஜூன் 26 முதல், உரிய பயிற்சி பெற்ற ஹைஜினிஸ்ட், விறைப்பு ஊசியும் பல்லில் பூசுகிற ஃபுளோரைட் வார்னிஷும் பல் வைத்தியரின் மருந்துச் சீட்டு இல்லாமலே கொடுக்கலாம். அதற்கு முன் ஒரு ஊசிக்காக அடுத்த அறைக் கதவைத் தட்டிக் கையெழுத்துக்காகக் காத்து நின்றதெல்லாம் எனக்கு நல்ல ஞாபகம். நம்முடைய சங்கமும் டென்டல் தெரபிஸ்டுகளின் தனிச் சங்கமும் வருடக்கணக்காக விடாமல் கேட்டு வாங்கியது இது. சேராதவர்களுக்கும் அதே உரிமைதான் கிடைத்தது. ஆகவே "எனக்கு என்ன லாபம்" என்று மட்டும் பார்த்தால், சேராமல் இருப்பவர்தான் கெட்டிக்காரர். நானும் இரண்டு வருடம் அப்படிக் கெட்டிக்காரியாக இருந்திருக்கிறேன்.

நீங்கள் எழுதாத ஒன்றைக் கேட்கிறேன். அந்த மூன்று நாளும் உங்களோடு தாதி யாராவது நிற்கிறாரா? நம்மில் பலருக்கு இல்லை. ஒவ்வொரு பல்லிலும் ஆறு இடத்தில் ஈறுப் பையின் (பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே உள்ள இடைவெளி) ஆழம் அளந்து, கையுறையைக் கழற்றி, நாமே எண்களைப் பதிந்து, மறுபடி கையுறை போட்டு, ஒரு கையில் உறிஞ்சு குழாயும் மறு கையில் கருவியுமாக. கிளினிக்கில் நோயாளருக்குச் சிகிச்சை செய்யும்போது பயிற்சி பெற்ற இன்னொருவர் எப்போதும் கூட இருக்க வேண்டும் என்று ஜி.டி.சி.யின் நெறிமுறையே சொல்கிறது. தனியாக ஒரு பின் அறையில் வேலை செய்கிறவளுக்கு இது தனக்கு மட்டும் நேர்கிற சங்கடம் மாதிரித் தோன்றும். பிராந்தியக் கூட்டத்துக்குப் போனால் பத்துப் பேர் அதையே சொல்வார்கள். அதில் ஒருவராவது முதலாளியிடம் பேசித் தாதியை வாங்கியிருப்பார். எப்படிப் பேசினார் என்று அவரிடம் கேட்கலாம். எனக்குச் சந்தாவில் அதிகம் பிரயோசனப்பட்டது இந்தப் பகுதிதான்.

எல்லாரையும் சேரச் சொல்ல மாட்டேன். நாட்டை விட்டுப் போகிற யோசனை இருந்தாலோ, நல்ல மூத்தவர்கள் கூட இருக்கிற பெரிய வைத்தியசாலையில் முழுநேர வேலை கிடைத்தாலோ அவசரமில்லை. உங்கள் நிலைமை அப்படியில்லை. ஒரு வருடம் சேர்ந்து பாருங்கள், கூட்டத்துக்குப் போகாவிட்டால் அடுத்த வருடம் விட்டுவிடுங்கள். புதிதாகத் தகுதி பெற்றவர்களுக்குச் சந்தா குறைவா என்றும் கேளுங்கள்.

அப்புறம், ரசீதைத் தொலைத்துவிடாதீர்கள். சுயதொழில் கணக்கில் சந்தாவைச் செலவாகக் காட்டலாம். சம்பள வேலைக்கு வரிச் சலுகை வேண்டுமென்றால் வரித் திணைக்களத்தின் அங்கீகாரப் பட்டியலில் சங்கத்தின் பெயர் இருக்க வேண்டும். ஒரே சந்தாவை இரண்டு இடத்திலும் காட்ட முடியாது. ஜி.டி.சி. புதுப்பிப்பு ஜூலை 31க்குள் முடிய வேண்டும், அப்போது காப்புறுதி பற்றியும் உறுதி சொல்ல வேண்டும். இரண்டு கிளினிக்கிடமும் கேட்க வேண்டியதை ஜூன் மாதத்திலேயே கேட்டுவிடுங்கள்.