பலகையில் எத்தனை முகங்கள்? வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் இதழியல் கல்லூரிகளைப் பற்றியவை. சேர்க்கை நேரம் போலிருக்கிறது. அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதையே எடுத்துக்கொள்கிறேன்.

மகள் இதழியல் படிக்க ஆசைப்படுகிறாள். நான்கு பல்கலைக்கழகங்களின் கையேடுகள் வீட்டில் இருக்கின்றன. நான்கிலும் நடுப்பக்கத்தில் "எங்கள் முன்னாள் மாணவர்கள்" என்று வரிசையாகப் படங்கள், பரிசுகள், டிவியில் பார்த்த முகங்கள். இதை வைத்து எப்படி முடிவெடுப்பது?

படங்களை வைத்து முடிவெடுக்காதீர்கள், படத்துக்குக் கீழே இருக்கும் ஆண்டைப் பாருங்கள். படித்து முடித்து இருபது வருடம் கழித்து ஒருவர் பரிசு வாங்கினால், அதில் கல்லூரியின் பங்கு எவ்வளவு, நடுவில் அவர் எழுதியதைக் கிழித்துப்போட்டு மறுபடி எழுதச் சொன்ன எடிட்டர்களின் பங்கு எவ்வளவு என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. கல்லூரி தைரியமாக உரிமை கொண்டாடக்கூடியது, அங்கே படித்துக்கொண்டிருக்கும்போதே மாணவர்கள் செய்த வேலையைத்தான். நேரில் போகும்போது மகளையே கேட்கச் சொல்லுங்கள்: "போன வருடம் உங்கள் மாணவர்கள் எழுதியதில், கல்லூரிக்கு வெளியே இருப்பவர்கள் படித்தது எது? காட்டுங்கள்." உடனே எடுத்துக் காட்டினால் நல்லது. மறுபடியும் அதே நடுப்பக்கத்தைத் திருப்பிக் காட்டினால் உங்களுக்கே புரிந்துவிடும்.

அமெரிக்காவின் முதல் இதழியல் கல்லூரி மிசௌரி பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. 1908 செப்டம்பர் 14, வகுப்பு ஆரம்பித்த முதல் நாள். அன்றைக்கே மாணவர்கள் தயாரித்த செய்தித்தாளும் வெளியாகிவிட்டது. பாடம் நடத்திவிட்டு அப்புறம் பேப்பர் போடலாம் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. நூறு வருடத்துக்கு மேல் ஆகியும் எனக்குத் தெரிந்த சரியான முறை இதுதான்.

அமெரிக்காவின் பெரிய பத்திரிகைப் பரிசான புலிட்சரை அங்குள்ள கொலம்பியா பல்கலைக்கழகம்தானே கொடுக்கிறது? தன் மாணவர்களுக்கே கொடுத்துக்கொள்கிறதா?

இல்லை. பத்திரிகை அதிபர் ஜோசப் புலிட்சர் விட்டுச்சென்ற பணத்தில் 1912-ல் அங்கே இதழியல் கல்லூரி வந்தது, 1917-ல் பரிசும் வந்தது, இரண்டும் ஒரே வளாகத்தில் இருப்பதால் இந்தக் குழப்பம். பரிசை முடிவு செய்வது தனி வாரியம். அங்கே படித்தவர் என்பதற்காக யாருக்கும் தூக்கிக் கொடுத்துவிட மாட்டார்கள். அமெரிக்காவில் இதழியல் மாணவர்களுக்கென்றே இருப்பது ஹர்ஸ்ட் விருதுகள். 1960 முதல் நடக்கிறது, "கல்லூரி புலிட்சர்" என்று செல்லப் பெயரும் உண்டு. அமெரிக்கக் கல்லூரி ஒன்றின் சாதனைப் பலகையில் அந்தப் பெயரைப் பார்த்தால் கொஞ்சம் நின்று படிக்கலாம், ஏனென்றால் அது மாணவராக இருக்கும்போதே வாங்கியது.

மாணவர்கள் பெரிய செய்தி கொடுத்தார்கள் என்பதெல்லாம் மிகைப்படுத்தல் இல்லையா? கல்லூரிப் பத்திரிகையில் ஆண்டு விழாவைத் தவிர என்ன வந்துவிடப் போகிறது?

2019 செப்டம்பர் 27. உக்ரைனுக்கான அமெரிக்கச் சிறப்புத் தூதர் கர்ட் வோல்கர் பதவி விலகிவிட்டார் என்ற செய்தி. உக்ரைன் விவகாரத்தில் அதிபர் டிரம்ப் மீதான பதவிநீக்க விசாரணை சூடுபிடித்திருந்த வாரம், தலைநகரில் இருக்கும் எல்லாப் பெரிய பத்திரிகைகளும் உக்ரைன் பின்னால்தான் ஓடிக்கொண்டிருந்தன. முதலில் வெளியிட்டது அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக மாணவர் பத்திரிகையான ஸ்டேட் பிரஸ். எழுதியவர் ஆண்ட்ரூ ஹோவர்ட், அப்போது வயது 20.

எப்படிக் கிடைத்தது என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. வோல்கர் தூதர் வேலையோடு சேர்த்து அந்தப் பல்கலைக்கழகத்தின் மெக்கெய்ன் நிறுவனத்துக்கு இயக்குநராகவும் இருந்தார். நாட்டுக்கு அவர் தூதர், இந்தப் பையனுக்கு "நம்ம வளாகத்து ஆள்". வளாகத்துச் செய்தியாகவே அதைத் துரத்தி, பல்கலைக்கழக அதிகாரி ஒருவரிடம் உறுதிசெய்துகொண்டு போட்டுவிட்டார். பெரிய பத்திரிகைகள் வாசலில் நின்றுகொண்டிருந்தன, இவர் வீட்டுப் பிள்ளை மாதிரி கொல்லைப்புறம் வழியாகப் போய்விட்டார், அவ்வளவுதான்.

அப்புறம் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம். 2022-ல் முதலாமாண்டு சேர்ந்த தியோ பேக்கர், சில மாதங்களிலேயே மாணவர் நாளிதழில் ஒரு செய்தி எழுதினார்: பல்கலைக்கழகத் தலைவர் மார்க் டெஸ்ஸியே-லவீன் பெயர் உள்ள ஆய்வுக் கட்டுரைகளில் படங்கள் திருத்தப்பட்டிருப்பதாகச் சந்தேகம். விசாரணைக் குழு அமைத்தார்கள். தலைவர் தன் கையால் மோசடி செய்ததாகக் குழு சொல்லவில்லை. ஆனால் தவறுகள் தெரிந்தபிறகும் ஒழுங்காகத் திருத்தவில்லை என்றது. 2023 ஜூலையில் அவர் பதவி விலகுவதாக அறிவித்தார். பேக்கருக்கு அமெரிக்காவின் பெயர்பெற்ற பத்திரிகை விருதான ஜார்ஜ் போல்க் விருது கிடைத்தது, அந்த விருதை வாங்கியவர்களிலேயே வயதில் சின்னவர். இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும்: அவருடைய அப்பாவும் அம்மாவும் பெயர்பெற்ற பத்திரிகையாளர்கள். சாப்பாட்டு மேஜையிலேயே பாதிப் பாடம் முடிந்திருக்கும். அதற்காக அவர் பார்த்த வேலை குறைந்துபோகாது, ஆனால் "பதினெட்டு வயதில் சாதிக்கவில்லையே" என்று அழுதுகொண்டு யாரும் எனக்குக் கடிதம் போடவேண்டாம்.

இரண்டிலும் ஒரு பொதுவான விஷயம் உண்டு. செய்தி மாணவர்களின் சொந்த வளாகத்துக்குள்ளேயே இருந்தது. ஸ்டான்ஃபோர்டு விஷயத்தில் தலைவர் மீதே பாய்ந்தது. இப்படிப்பட்ட சாதனையைக் கல்லூரிகள் கையேட்டில் போடும்போது கொஞ்சம் நெளிந்துகொண்டுதான் போடும்.

இதழியல் மாணவர்கள் தூக்குக் கைதி ஒருவரைக் காப்பாற்றினார்கள் என்று வகுப்பில் பேராசிரியர் சொன்னார். உண்மையா?

உண்மைதான், ஆனால் பாதிக் கதை. முழுதையும் கேட்டுவிட்டுப் போங்கள்.

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலம். இரட்டைக் கொலை வழக்கில் ஆன்டனி போர்ட்டர் என்பவருக்கு மரண தண்டனை. 1998-ல் தண்டனைக்கு இரண்டு நாள் சொச்சம் இருக்கும்போது, அவருடைய அறிவுத்திறன் பற்றிய சந்தேகத்தில் நீதிமன்றம் நிறுத்திவைத்தது. கிடைத்த அவகாசத்தில் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் மெடில் இதழியல் கல்லூரி மாணவர்கள், தங்கள் பேராசிரியரோடும் ஒரு தனியார் துப்பறிவாளரோடும் வழக்கைத் தோண்டினார்கள். சாட்சி பல்டியடித்தார், ஆல்ஸ்டரி சைமன் என்ற வேறொருவர் "நான்தான் சுட்டேன்" என்று வீடியோவில் ஒப்புக்கொண்டார். 1999-ல் போர்ட்டர் வெளியே வந்தார். அதிர்ந்துபோன ஆளுநர் ஜார்ஜ் ரையன் 2000-ல் தண்டனைகளை நிறுத்திவைத்து, 2003-ல் 167 பேரின் மரண தண்டனையைக் குறைத்தார். 2011-ல் மாநிலமே மரண தண்டனையை ஒழித்தது. ஒரு வகுப்பு வேலை இவ்வளவு தூரம் போனது வேறெங்காவது உண்டா? வகுப்பில் சொல்வது இதுவரைக்கும்தான் இருக்கும்.

மீதியைக் கேளுங்கள். அந்த ஒப்புதலை வாங்கிய விதம் சரியில்லை என்று பின்னால் தெரியவந்தது. துப்பறிவாளர் ஒரு நடிகரை வைத்து, "சைமன் சுட்டதை நான் பார்த்தேன்" என்று பேசவைத்துப் படமெடுத்து, அதை சைமனிடம் போட்டுக் காட்டியிருந்தார். பேராசிரியர் 2011-ல் பல்கலைக்கழகத்தை விட்டுப் போனார், அது வேறு சர்ச்சைகளோடு. 2014-ல் அரசுத் தரப்பே சைமன் மீதான தீர்ப்பை ரத்துசெய்ய வைத்து, 15 வருடம் உள்ளே இருந்த மனிதரை விடுவித்தது. அவர் பல்கலைக்கழகத்தின் மீது போட்ட வழக்கு 2018-ல் சமரசத்தில் முடிந்தது.

போர்ட்டர் உயிர் தப்பியது நல்லதுதான், அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. மாணவர்களையும் நான் குறை சொல்லமாட்டேன், இருபது வயதில் பேராசிரியர் சொன்னதை நம்பித்தான் கதவைத் தட்டியிருப்பார்கள். ஆனால் இதழியல் வகுப்பில் இந்தக் கதையை 1999-லேயே நிறுத்திவிட்டால் அது பாடம் இல்லை, விளம்பரம். உங்கள் பேராசிரியரிடம் மீதியையும் கேளுங்கள். கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

ஷாருக் கானும் இதழியல் படித்தவர் என்கிறார்களே?

டெல்லி ஜாமியா மில்லியாவில் மாஸ் கம்யூனிகேஷன் முதுகலையில் சேர்ந்தார், முடிக்காமல் நடிக்கப் போய்விட்டார். ஆனாலும் யார் பட்டியலிலிருந்து எடுக்கப் போகிறார்கள்!

புலிட்சர் வாங்க இதழியல் பட்டம் வேண்டுமா? ஒரே வரியில் சொல்லுங்கள்.

வேண்டாம். (ஒரு வரி முடிந்தது, இனி என் இஷ்டம்.) 2021-ல் சர்வதேசச் செய்திக்கான பரிசு சீனாவின் ஷின்ஜியாங்கில் உய்குர் முஸ்லிம்களை அடைத்துவைத்த தடுப்பு முகாம்களைக் கண்டுபிடித்ததற்காக மூன்று பேருக்குக் கிடைத்தது. மேகா ராஜகோபாலன் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் இதழியல் படித்தவர். கூட இருந்த அலிசன் கில்லிங் கட்டடக் கலைஞர், கிறிஸ்டோ புஷெக் புரோகிராமர். செயற்கைக்கோள் படங்களில் மதிலையும் காவல் கோபுரத்தையும் பார்த்து இது என்ன கட்டடம் என்று சொல்லக் கட்டடக் கலைஞர் வேண்டியிருந்தது. அங்கே இருந்து தப்பி வந்தவர்களைத் தேடிப்பிடித்துப் பேசவைக்க ரிப்போர்ட்டர் வேண்டியிருந்தது. பரிசு கிடைத்த செய்தி கேட்டு அப்பா அனுப்பிய குறுஞ்செய்தியை மேகாவே வெளியிட்டிருந்தார்: அம்மா இதை இப்போதுதான் அனுப்பினாள், வாழ்த்துகள், நன்றாகச் செய்திருக்கிறாய், அவ்வளவுதான் சாரம். மகள் பதிலுக்கு ஒற்றை நன்றி. நம் வீட்டு அப்பாக்கள் எங்கே போனாலும் மாறமாட்டார்கள் என்று தோன்றியது.

துறையின் மாணவர் இதழுக்கு நான் ஆசிரியர். "சாதனைகள்" பக்கத்தை யாருமே படிப்பதில்லை. என்ன செய்யலாம்?

நானும் படிக்கிற காலத்தில் அந்தப் பக்கத்தைச் செய்தவன்தான். பதினான்கு பெயர், ஆளுக்கு ஒரு வரி, "முதலிடம் பெற்றார்", "முதலிடம் பெற்றார்", "முதலிடம் பெற்றார்". அச்சாகி வந்த அன்றைக்கு சீனியர் ஒருத்தர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "தம்பி, அந்தப் போட்டியில மொத்தமே ரெண்டு பேர்தான்டா" என்றார். அந்த ஒரு விவரத்தைப் போட்டிருந்தால் அந்தப் பக்கத்தில் படிக்கும்படியாக ஒரு வரியாவது இருந்திருக்கும்.

பதினான்கில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், மீதியைப் பொடி எழுத்தில் பெட்டிக்குள் போட்டுவிடுங்கள். பரிசு வாங்கியவரிடம் "எப்படி உணர்கிறீர்கள்" என்று கேட்காதீர்கள், மகிழ்ச்சியாகத்தான் இருப்பார். அந்தச் செய்திக்காக எத்தனை பேர் பேச மறுத்தார்கள், முதல் பிரதியில் என்ன வெட்டுப்பட்டது, எந்த இடத்தில் விட்டுவிடலாம் என்று நினைத்தார், இதைக் கேளுங்கள். முன்னாள் மாணவர் என்றால் இன்னும் ஒன்று: படிக்கும்போது எதில் தோற்றார்? பரிசுப் படம் இருக்கும் பக்கத்தில் அந்தத் தோல்வியும் இருந்தால் ஜூனியர்கள் கண்டிப்பாகப் படிப்பார்கள். பெயரின் எழுத்தை மட்டும் அவரிடமே சரிபார்த்துவிடுங்கள்.

படித்து முடித்து 3 வருடம். டெஸ்க்கில் மற்றவர்கள் எழுதியதைத் திருத்திக்கொண்டிருக்கிறேன். என் வகுப்பில் இரண்டு பேருக்கு விருது கிடைத்துவிட்டது. நான் தேங்கிவிட்டேனா?

புகைப்படக்காரர் டேனிஷ் சித்திகியைச் சொல்கிறேன். ஜாமியாவில் பொருளாதாரம் படித்து, அங்கேயே மாஸ் கம்யூனிகேஷன் படித்து 2007-ல் வெளியே வந்தார். டிவியில் செய்தியாளர் வேலை. அதை விட்டுவிட்டு 2010-ல் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனத்தில் புகைப்பட இன்டர்னாகச் சேர்ந்தார். பட்டம் வாங்கி 3 வருடம் ஆனவர், மறுபடியும் கீழ்ப்படியிலிருந்து. உங்கள் கணக்குப்படி அவரும் அன்றைக்குத் தேங்கியவர்தான்.

2017-ல் மியான்மரிலிருந்து தப்பி வந்த ரோஹிங்கியா அகதிகளை அவர் எடுத்த ஒரு படம் இருக்கிறது. வங்கக் கடலைப் படகில் தாண்டி வந்த பெண் ஒருவர், கரையில் மண்டியிட்டு ஒரு கையால் மண்ணைத் தொடுகிறார். முகத்தில் அழுகைகூட இல்லை, களைப்புதான். அந்த வரிசைப் படங்களுக்காக 2018-ல் ராய்ட்டர்ஸ் குழுவுக்குப் புலிட்சர் கிடைத்தது. அந்தக் குழுவில் சித்திகியும் அத்னன் அபிதியும் இந்தியர்கள். 2021 ஜூலை 16-ல் ஆப்கானிஸ்தானின் ஸ்பின் போல்டாக்கில் சண்டையைப் பதிவுசெய்துகொண்டிருந்தபோது சித்திகி கொல்லப்பட்டார். கொரோனா காலத்து இந்தியாவைக் காட்டிய படங்களுக்காக 2022-ல் மறுபடியும் புலிட்சர், இந்த முறை வாங்கிக்கொள்ள அவர் இல்லை. அவரை அடக்கம் செய்தது அவர் படித்த அதே ஜாமியாவின் அடக்கத்தலத்தில்.

டெஸ்க் வேலையைக் கேவலமாக நினைக்காதீர்கள். அந்த இரண்டு விருதுச் செய்திகளிலும் யாரோ ஒரு சப் எடிட்டர் ஒரு தப்பைப் பிடித்திருப்பார், அவர் பெயர் எந்தப் பலகையிலும் வராது. ஆனால் வெளியே போகவேண்டும் என்று கை பரபரத்தால், வாரத்தில் ஒரு நாளாவது ரிப்போர்ட்டிங் கொடுக்கச் சொல்லி எடிட்டரிடம் இந்த வாரமே கேட்டுவிடுங்கள். மறுத்தால் அடுத்த மாதம் மறுபடி கேளுங்கள்.

உங்கள் கல்லூரிப் பலகையில் நீங்கள் இருக்கிறீர்களா?

பெயர் என்னுடையது, படம் என் வகுப்புத் தோழனுடையது. அவன் என்னைவிடப் பார்க்க நன்றாக இருப்பான் என்பதால் நான் வாயைத் திறக்கவில்லை. மாற்றச் சொல்லி எழுதிக்கொண்டிருப்பவன் அவன்தான்.