வாங்கலாமா, வேண்டாமா? லெகோ கப்பலும் கிலோ கணக்கில் கட்டைகளும்

கேள்வி: என் பேரனுக்கு 13 வயது. தென்னாப்பிரிக்காவுக்கு முதல் இந்திய ஒப்பந்தத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு ட்ரூரோ கப்பல் டர்பனுக்கு வந்த கதையை லெகோ கட்டைகளை வைத்து இரண்டு நிமிட ஸ்டாப் மோஷன் (பொருளைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, ஒவ்வொரு போட்டோவாக எடுத்து ஓடவிடுவது) படமாக எடுக்கப் போகிறானாம். கப்பல் வந்த நாளான நவம்பர் 16-க்குள் முடிக்க வேண்டும். கடையில் ஒரு பெரிய கடற்கொள்ளைக் கப்பல் பெட்டியைப் பார்த்துவிட்டு, அது இல்லாமல் முடியவே முடியாது என்கிறான். என் ஒரு மாதப் பென்ஷன் அதற்கே போய்விடும். வாங்கித்தான் ஆகவேண்டுமா? (ஓர் ஆயா, சாட்ஸ்வொர்த்)

பதில்: வேண்டாம், ஆயா. 1860-இல் மதராஸிலிருந்து வந்த 342 பேரை மண்டையோட்டுக் கொடி பறக்கும் கப்பலிலா இறக்கப் போகிறான்? அந்தப் பெட்டியில் பல கட்டைகள் அந்த ஒரு கப்பலுக்கென்றே வளைந்தும் நெளிந்தும் இருக்கும். அடுத்த படத்துக்கு உதவாது.

கேமரா ஒரு பக்கத்தை மட்டும்தான் பார்க்கும். கூத்து மேடையில் திரைக்குப் பின்னால் அரண்மனையா இருக்கிறது? கப்பலின் ஒரு பக்கச் சுவரும், தளத்தில் ஒரு துண்டும் கட்டினால் போதும். பின்பக்கம் வெறும் முட்டுக்கட்டை. ஒரு கட்டையின் உயரம் 9.6 மில்லிமீட்டர், பொம்மை ஆள் ஏறக்குறைய நாலு சென்டிமீட்டர். பதினைந்து வரிசை அடுக்கினாலே ஆளைப்போல மூன்றரைப் பங்கு உயரமான கப்பல் சுவர் வந்துவிடும். பழுப்பு, கறுப்பு நிறங்களில் சாதாரணக் கட்டைகள் அடங்கிய ஒரு டப்பாவும் ஒரு அடித்தட்டும் வாங்குங்கள். முன்னால் நிற்க ஆறேழு பொம்மை ஆட்கள் போதும். பின்வரிசைக்கு ஒற்றைக் குமிழ் வட்டக் கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகினால் கூட்டம் தயார்.

கடலுக்கு நீலத் தகடுகளை ஒரு நீளமான அட்டையில் ஒட்டி, ஒவ்வொரு படத்துக்கும் இரண்டு மில்லிமீட்டர் இழுக்கச் சொல்லுங்கள். பழைய நீலப் புடவை வேண்டாம். ஓடவிட்டுப் பார்த்தால் அலை அடிக்காது, ஜுரம் வந்ததுபோல் நடுங்கும்.

மிச்சமாகும் காசில் போனுக்கு ஒரு டிரைபாட், இரண்டு மேசை விளக்குகள், கொஞ்சம் பிரெஸ்டிக் (ஒட்டிவிட்டு மறுபடி எடுக்கக்கூடிய களிமண் போன்ற பசை) வாங்கிக் கொடுங்கள். நொடிக்கு 12 படம் என்றால் இரண்டு நிமிடத்துக்கு 1,440 படம். நடுவில் டிரைபாடோ அடித்தட்டோ ஒரு முடி அளவு அசைந்தாலும் கப்பல் துள்ளும். அதனால் அடித்தட்டை மேசையோடு பிரெஸ்டிக் வைத்து அழுத்திவிட வேண்டும். ஜன்னல் திரையை மூடி விளக்கில் மட்டும் எடுக்கட்டும். மேகம் கடந்தால்கூடப் படம் மினுங்கும். போன் கேமராவில் வெளிச்சமும் நிறமும் தானாக மாறாதபடி பூட்டி வைக்க வேண்டும். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு குனியக் கூடாது, அந்த வெளிச்சமும் கட்டையில் அடிக்கும். அப்புறம் ஜன்னலையும் சாத்தச் சொல்லுங்கள். என் அக்கா மகள் காவடிப் படம் எடுத்தபோது, பழம் என்று நினைத்து ஆரஞ்சுக் கட்டைகளைக் குரங்கு தூக்கிக்கொண்டு போய்விட்டது. காவடி பாதியில் நின்றது.

கேள்வி: நம் தென்னாப்பிரிக்க ஆன்லைன் கடை ஒன்றில் 'அசல் லெகோ' என்று போட்டிருந்ததை வாங்கினேன். கட்டைகளில் பெயரே இல்லை, செருகினால் கழன்றும் விழுகின்றன. நாலு நாள்தான் ஆகிறது. பெட்டியைத் திறந்துவிட்டீர்கள், இனி எடுக்க மாட்டோம் என்கிறார்கள். (ஃபீனிக்ஸ் வாசகர்)

பதில்: திறக்காமல் எப்படித் தெரியும்? அசல் கட்டையில் குமிழுக்குக் குமிழ் லெகோ என்று பொறித்திருக்கும். வேறு கம்பெனி அதே மாதிரிக் கட்டை செய்வது குற்றமில்லை. லெகோவின் காப்புரிமை 1958-இல் பதிந்தது, காலாவதியாகி எத்தனையோ வருஷம். கட்டையின் வடிவத்தையே வணிகச் சின்னமாக்கும் முயற்சியும் 2010-இல் ஐரோப்பிய நீதிமன்றத்தில் தோற்றது. ஆனால் தன் பெயரில் விற்பது வேறு, அசல் என்று சொல்லி விற்பது வேறு. இரண்டாவது பொய்.

உங்களுக்கு இரண்டு சட்டங்கள் துணை. 2002-ஆம் ஆண்டு மின்னணுப் பரிவர்த்தனைச் சட்டத்தின் 44-ஆம் பிரிவுப்படி, பொருள் கைக்கு வந்த ஏழு நாளுக்குள் காரணமே சொல்லாமல் திருப்பலாம். 30 நாளுக்குள் பணம் வரவேண்டும். அனுப்பும் செலவு உங்களுடையது. சீல் உடைத்தால் திருப்ப முடியாது என்ற விலக்கு ஒலி, ஒளிப் பதிவுகளுக்கும் மென்பொருளுக்கும்தான், பொம்மைக்கு இல்லை. நாள் கடந்தாலும் பரவாயில்லை. 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 56-ஆம் பிரிவு, குறையுள்ள பொருளை ஆறு மாதத்துக்குள் திருப்ப வழி தருகிறது. சரிசெய்வதா, மாற்றுவதா, பணமா என்பது உங்கள் விருப்பம், அனுப்பும் செலவும் கடையுடையது. கட்டை பிடிக்காமல் கழல்வது குறைதான்.

போனில் சண்டை போடாதீர்கள். விளம்பரப் பக்கத்தைப் படம் பிடித்து வையுங்கள், பெயரில்லாத குமிழை நெருக்கமாக ஒரு போட்டோ எடுங்கள், இரண்டையும் சேர்த்து இன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள். மசியவில்லை என்றால் நுகர்வோர் பொருள், சேவைகள் குறைதீர்ப்பாளரிடம் இலவசமாகப் புகார் செய்யலாம்.

கேள்வி: ஒரு வீட்டில் பழைய லெகோவைக் கிலோ கணக்கில் தருகிறார்கள். கோபுர மாடல் கட்ட வெள்ளைக் கட்டை நிறைய வேண்டும். நம்பி வாங்கலாமா? (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

பதில்: வாங்கலாம், ஆனால் கண்ணால் பார்த்து. வியாபாரம் செய்யாத ஒருவர் வீட்டுச் சாமானை விற்றால் மேலே சொன்ன நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வராது. பையின் மேலே இருப்பதைப் பார்க்காதீர்கள், அடியில் கைவிட்டு ஒரு பிடி எடுங்கள். இரண்டு கட்டைகளைச் செருகி, ஒன்றைப் பிடித்துத் தொங்கவிட்டு உதறுங்கள். விழக் கூடாது. பல் தடம் இருந்தால் ஒதுக்குங்கள். வெள்ளைதான் வெயிலில் முதலில் மஞ்சளாகும். பகல் வெளிச்சத்தில் நாலைந்தை வரிசையாக வைத்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். மஞ்சளானதைக் கோபுரத்தின் உள்பக்கம் நிரப்பப் போடலாம், அதற்கேற்ற விலை பேசுங்கள். கழுவும்போது 40 டிகிரிக்கு மேல் சூடு வேண்டாம்.

கேள்வி: கட்டிய கோபுரத்தைக் கோயில் மண்டபத்தில் வைக்கப் போகிறோம். பசை போடலாமா? (அதே வாசகர்)

பதில்: கட்டைகளில் சிற்பம் செய்து ஊர் ஊராகக் காட்சிக்கு வைக்கும் நேத்தன் சவாயா பசை போட்டுத்தான் ஒட்டுகிறார், அவருடைய சிற்பங்கள் பெட்டியில் ஏறி இறங்க வேண்டும். உங்கள் கோபுரம் ஓரிடத்தில் நிற்கப் போகிறது. ஒட்டினால் கட்டையை மறுபடி பயன்படுத்த முடியாது, சூப்பர் பசை வெள்ளைப் புகை படிந்ததுபோல் கறையும் விடும். பசைக்குச் செலவிடுவதை ஒரு கண்ணாடிப் பெட்டிக்குப் போடுங்கள். குழந்தைகள் உச்சிக் கலசத்தைப் பிடுங்காமலும் இருக்கும்.