அதே ஒயின் ஆலை, அதே லேபிள், வேறு ருசி: ஏமாந்துவிட்டேனா?

கேள்வி: பிரான்சில் லுவார் பகுதி, ஷினோனைச் சேர்ந்த ஒரு சிறு ஒயின் ஆலையின் 2019 சிவப்பு ஒயின் ஆறு பாட்டில் வாங்கினேன். பழச்சுவை நிறைந்து அருமையாக இருந்தது. அதே நம்பிக்கையில் ஒரு தரகர் மூலம் 2021-ஐ 24 பாட்டில் வாங்கிவிட்டேன். இரண்டைத் திறந்தாயிற்று. இரண்டும் புளிப்பு, நிறமும் வெளிறியிருக்கிறது, குடைமிளகாய் வாசனை வேறு. லேபிளில் ஆல்கஹால் 2019-க்கு 14%, 2021-க்கு 12%. இது போலியா, கெட்டுப்போனதா? தரகரோ "பத்து வருஷம் வையுங்கள், சரியாகிவிடும்" என்கிறார். "நூற்றாண்டின் அறுவடை" என்று சொல்லி 2018-ஐயும் பெட்டி பெட்டியாக வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: 2018-க்குப் பணம் கட்டுவதைக் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள். 2021 பெரும்பாலும் போலியும் இல்லை, கெட்டுப்போனதும் இல்லை. நீங்கள் குடித்தது 2021-ஆம் ஆண்டின் வானிலையை.

லேபிளில் இருக்கும் அந்த இரண்டு எண்களே பாதிப் பதிலைச் சொல்லிவிடுகின்றன. திராட்சைச் சாற்றில் லிட்டருக்கு ஏறக்குறைய 17 கிராம் சர்க்கரை நொதித்தால் ஒரு சதவீத ஆல்கஹால் கிடைக்கும். 14-க்கும் 12-க்கும் இடையே இரண்டு சதவீத வித்தியாசம் என்றால், 2021-இன் பழத்தில் லிட்டருக்கு 34 கிராம் அளவுக்குச் சர்க்கரை குறைவு. லேபிளில் அரை சதவீதம் முன்பின் இருக்கச் சட்டம் இடம் தருகிறது. அதைக் கழித்தாலும் வித்தியாசம் பெரிதுதான். குளிர்ந்த ஆண்டுகளில் நொதிக்கும் சாற்றில் சர்க்கரை சேர்க்கவும் அங்கே அனுமதி உண்டு. அப்படிச் சேர்த்திருந்தால், பழம் அந்த 12 காட்டுவதைவிடவும் காயாக இருந்திருக்கும்.

காரணம் இதுதான். 2021 மார்ச் இறுதியில் அடித்த வெயிலில் கொடிகள் சீக்கிரமே துளிர்த்தன. ஏப்ரல் தொடக்கத்தில் விழுந்த உறைபனி பிரான்சின் பல பகுதிகளில் அந்தத் துளிரைக் கருக்கியது. அதன்பின் கோடை குளிர்ச்சியாகவும் ஈரமாகவும் போனது. அடிச்சாம்பல் நோய் பரவியது. தப்பிய பழமும் மெதுவாகவே பழுத்தது. வெப்பம் இருந்தால்தான் பழத்துக்குப் புளிப்பைத் தரும் மேலிக் அமிலம் குறையும். குளிரில் அது அப்படியே தங்கிவிடும். ஷினோனின் சிவப்பு ஒயின் கேபர்னே ஃப்ராங் திராட்சையில் செய்வது. அந்த ரகத்துக்குக் குடைமிளகாய் வாசனை பிறவியிலேயே உண்டு. குலையில் வெயில் படப்பட அது குறையும். 2019 சூடான, வறண்ட ஆண்டு என்பதால் உங்களுக்கு அந்த வாசனை தெரியவில்லை. நாக்கில் புளிப்பும் மூக்கில் குடைமிளகாயும் வந்ததற்கு ஒரே காரணம்தான்.

பெரிய கம்பெனி ஒயினில் இந்த ஏற்ற இறக்கம் ஏன் தெரிவதில்லை? அவர்களிடம் பல தோட்டச் சரிவுகளின் பழம், பல ரகம், நூற்றுக்கணக்கான தொட்டிகள் இருக்கும். புளித்த தொட்டியை இனித்த தொட்டியோடு கலந்து, போன வருஷ ருசியையே திரும்பக் கொண்டுவந்துவிடலாம். சிறு ஆலைக்கு இருப்பது ஒரே சரிவு, ஒரே ரகம், விரல்விட்டு எண்ணும் பீப்பாய்கள். ஒரு பீப்பாய் 225 லிட்டர், அதாவது 300 பாட்டில். நாலு பீப்பாய் ஒயினில் ஒன்று காடியானால், அந்த வருஷச் சரக்கில் கால்வாசி போய்விட்டது. இனிப்பு ஒயினுக்குப் பேர்போன ஷாட்டோ டிகெம் ஆலை, 2012 அறுவடைக்கு அந்தப் பெயரில் ஒயினே வெளியிடவில்லை. அவர்களால் ஒரு வருஷத்தைத் தாங்க முடியும். சிறு விவசாயி விளைந்ததைப் பாட்டிலில் அடைத்தாக வேண்டும். அதனால்தான் வருஷத்தின் நல்லதும் கெட்டதும் அவர் ஒயினில் பட்டவர்த்தனமாகத் தெரிகிறது.

இருந்தாலும் பாட்டிலே கெட்டிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பாட்டிலில் 'L' எழுத்தோடு சிறிதாக ஒரு லாட் எண், அதாவது எந்தத் தொகுப்பில் அடைத்தது என்று காட்டும் எண், இருக்கும். வேறு லாட் எண் உள்ள பாட்டில் இருந்தால் அதையும், இல்லையென்றால் வேறு பெட்டியிலிருந்து ஒன்றையும் எடுத்து, 2019 ஒன்று மிச்சமிருந்தால் அதோடு சேர்த்து 16 டிகிரியில் பக்கத்தில் பக்கத்தில் ஊற்றுங்கள். ஒன்றைக் குளிராகவும் மற்றதை அறைச்சூட்டிலும் ஊற்றினால் ஒப்பீடே தப்பாகிவிடும். நனைந்த அட்டைப்பெட்டி வாசனை என்றால் கார்க்கின் கோளாறு. நெயில் பாலிஷ் அல்லது காடி நெடி என்றால் பாக்டீரியா வேலை. கோப்பையைச் சாய்க்கும்போது விளிம்பு பழுப்பாகத் தெரிந்தால் காற்றோ சூடோ பட்டிருக்கிறது. கார்க் மேலே தள்ளிக்கொண்டு வந்திருந்தாலும் பெரும்பாலும் சூடுதான். நாக்கில் சோடா போலச் சுருக்கென்றால் பாட்டிலுக்குள் மறுபடி நொதித்திருக்கலாம். அடியில் கண்ணாடித் தூள் மாதிரி படிந்திருந்தால் பயப்பட வேண்டாம். அது டார்டாரிக் உப்பு, ஒயின் கெடவில்லை. இந்தக் குறை எதுவும் இல்லாமல் மூன்றாவது பாட்டிலும் அதே புளிப்பு, அதே வாசனை என்றால் குற்றம் பாட்டிலில் இல்லை.

இங்கே ஒரு விதிவிலக்கைக் கொஞ்சம் விரித்தே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை யாரும் வாங்குபவரிடம் சொல்வதில்லை. லேபிளில் 2021 என்று போட்டிருந்தால் முழுக்க முழுக்க 2021 என்றுதான் நினைப்போம். ஐரோப்பியச் சட்டப்படி 85 சதவீதம் அந்த ஆண்டுப் பழமாக இருந்தால் போதும். ஆஸ்திரேலியாவிலும் 85 தான். அமெரிக்காவில் குறிப்பிட்ட திராட்சைப் பகுதியின் பெயரைப் போட்டால் 95. மீதி 15 சதவீதம் எவ்வளவு? ஒரு 225 லிட்டர் பீப்பாயில் ஏறக்குறைய 34 லிட்டர். 300 பாட்டிலில் 45 பாட்டில் அளவு! பீப்பாயிலிருந்து ஆவியாகும் ஒயினை ஈடுசெய்ய வேறு வருஷத்து ஒயினை ஊற்றுவது பழைய வழக்கம், அதில் தப்பில்லை. ஆனால் உறைபனியில் பாதி விளைச்சலை இழந்த ஒருவர், 2020-இன் பழுத்த ஒயினை 15 சதவீதம் வரை கலந்து புளிப்பை மட்டுப்படுத்தினாலும் லேபிளில் 2021 என்றே போடலாம். சட்டப்படி அவர் குற்றவாளி இல்லை. ஆகவே "இவர் ஒயின் எந்த வருஷமும் ஒரே மாதிரி இருக்கும்" என்று தரகர் பெருமைப்பட்டால், அதைத் தரத்துக்குச் சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் ஷினோன்காரர் வருஷம் எப்படி இருந்ததோ அப்படியே கொடுத்திருக்கிறார் என்றுதான் எனக்குப் படுகிறது.

அறுவடைத் தேதியை எழுதச் சட்டம் சொல்லாது. சேர்த்த சர்க்கரையைச் சொல்லவும் இத்தனை காலம் கட்டாயம் இல்லை. 2023 டிசம்பர் 8-க்குப் பிறகு தயாராகும் ஒயின்களுக்குத்தான் ஐரோப்பாவில் சேர்மானப் பட்டியலே வந்திருக்கிறது. அதையும் க்யூஆர் கோடுக்குள் ஒளித்து வைக்கலாம். பிஸ்கட் பாக்கெட்டில் இருக்கும் தகவல்கூட இல்லாத பொருளைப் பெட்டி பெட்டியாக வாங்கச் சொல்கிறார்கள்!

இனி தரகர் விஷயம். பத்து வருஷம் வைத்தால் சரியாகும் என்பது தப்பு. பாட்டிலில் வயதாக ஆகத் துவர்ப்பு மென்மையாகும். புளிப்பு ஏறக்குறைய அப்படியே இருக்கும். பழச்சுவை மட்டும் வற்றிப்போகும். பத்து வருஷம் கழித்துப் புளிப்புதான் மிஞ்சும்.

"நூற்றாண்டின் அறுவடை" என்பதை ஆண்டு மதிப்பெண் அட்டவணை பார்த்துச் சொல்வார்கள். அந்த அட்டவணை ஒரு பகுதி முழுவதற்கும் ஒரே எண்ணைப் போடுகிறது. ஆலங்கட்டி மழை ஒரு சரிவை நாசமாக்கி அடுத்த சரிவைத் தொடாமல் போகும். உங்கள் விவசாயிக்கு அந்த வருஷம் என்ன ஆனது என்று அட்டவணைக்குத் தெரியாது. சிறு ஆலைத் தயாரிப்பு என்று காட்டப் போடும் 'பூட்டிக்' என்ற சொல்லையும் நம்பி வாங்காதீர்கள். அதற்குச் சட்ட வரையறை கிடையாது. மொத்தச் சரக்கை வாங்கி அழகான லேபிள் ஒட்டுபவரும் அதையே சொல்லிக்கொள்ளலாம். பின்பக்க லேபிளைப் படியுங்கள். 'மிஸ் ஆன் பூத்தேய் ஓ டொமேன்' என்றிருந்தால் தோட்டத்துக்காரரே அடைத்தது. 'டான் நோ காவ்' என்றால் "எங்கள் கிடங்கில் அடைத்தது" என்று மட்டும்தான் பொருள். பழம் யாருடையது என்று அது சொல்லாது. இந்த இரண்டையும் குழப்பித்தான் பலரிடம் காசு பறிக்கிறார்கள்.

2018-ஐ வாங்க ஆசை இருந்தால், அந்தப் பெயரில், அந்த ஆண்டில் ஒயின் வெளியிட்டார்களா, எத்தனை பாட்டில் என்று ஆலைக்கே நேரடியாக எழுதிக் கேளுங்கள். சிறு ஆலைகள் பெரும்பாலும் பதில் போடுவார்கள். 2008-இல் நியூயார்க் ஏலம் ஒன்றுக்கு பொன்சோ தோட்டத்தின் 'க்லோ சேன் டெனி' ஒயின் என்று 1945 முதலான பாட்டில்கள் வந்தன. அந்தத் தோட்டமோ அந்த ஒயினைச் செய்யத் தொடங்கியதே 1982-இல்தான். தோட்டத்துக்காரர் லோரான் பொன்சோ நேரில் வந்து தடுத்தார். அவற்றை விற்கக் கொடுத்த ரூடி குர்னியவான் போலி ஒயின் வழக்கில் 2013-இல் குற்றவாளி என்று தீர்ப்பானது. தோட்டத்துக்கு ஒரு கடிதம் எழுதிக் கேட்டாலே வெளிப்படும் பொய் அது. அடுத்து, இத்தனை வருஷம் சரக்கு எங்கே இருந்தது என்று கேளுங்கள். 12 முதல் 14 டிகிரியில் இருட்டில் இருந்ததற்குக் கிடங்கு ரசீது வேண்டும். வாய்ப்பேச்சு மட்டும் என்றால் அந்த 2018 வேண்டாம். ரசீது இருந்தாலும் முதலில் ஒரே ஒரு பாட்டில்தான்.

உங்களிடம் மிச்சமிருக்கும் 2021-ஐ 14 டிகிரிக்குக் குளிரவைத்து, சாப்பாட்டோடு குடியுங்கள். தனியாகக் குடிக்கும்போது உறுத்தும் புளிப்பு, எண்ணெயும் கொழுப்பும் உள்ள உணவோடு சேர்ந்தால் அடங்கிவிடும்.  சேமித்து வைக்க வேண்டாம். பழச்சுவை இருக்கும்போதே தீர்த்துவிடுங்கள்.