தையல் தெரியட்டும், டைல் தெரிய வேண்டாம்: ராணுவத் துணி டெக்ஸ்சர் பற்றிய கேள்வி பதில்

ப்ளெண்டர் என்ற 3டி மென்பொருளில் சிப்பாய் மாடல் செய்பவர்கள், கேமுக்குப் பாத்திரம் செய்பவர்கள் எனப் பலரும் அனுப்பிய கேள்விகள் இவை. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். டெக்ஸ்சர் என்பது மாடல் மேல் போர்த்தும் படம்; தரை ஓடு போல அடுத்தடுத்துப் பதித்து அதைப் பரப்பும் ஒரு சதுரம்தான் டைல். உதாரணத்துக்குப் பெரும்பாலும் எம்81 உட்லேண்டையே எடுத்திருக்கிறேன். 1981இல் அமெரிக்கச் சீருடையில் வந்த, மணல், பழுப்பு, பச்சை, கறுப்பு என நான்கு நிறத் திட்டுகள் கொண்ட டிசைன் அது. நம் ஊர்ப் பிளாட்பாரக் கடைகளில் தொங்கும் ‘மிலிட்டரி பேன்ட்’ பலவும் அதன் பேரப்பிள்ளைகள்தான்.

கேள்வி: அண்ணா, சீம்லெஸ் (விளிம்பு தெரியாமல் சேரும்) உட்லேண்ட் படம் ஒன்றைச் சட்டை மாடலில் போட்டேன். ஒட்டு எங்கேயும் தெரியவில்லை. ஆனாலும் பொம்மைக்குப் பெயின்ட் அடித்தது போல இருக்கிறது. ஏன்?

பதில்: ஒட்டு எங்கேயும் தெரியாததுதான் கோளாறு, தம்பி. படத்தில் டைல் விளிம்பு தெரியக்கூடாது, சரி. ஆனால் சட்டையில் தையல் தெரிய வேண்டுமே. கட்டம் போட்ட சட்டையில் பையின் கட்டத்தை உடம்புக் கட்டத்தோடு பொருத்தித் தைப்பது நல்ல தையல்காரருக்குப் பெருமை. சீருடை தைக்கும் இடத்தில் அந்த மெனக்கெடல் கிடையாது. துணியை அடுக்கடுக்காக விரித்து மொத்தமாக வெட்டுவார்கள். எந்தத் திட்டு எங்கே விழுகிறது என்று யாரும் பார்ப்பதில்லை. அதனால் பையின் ஓரத்தில் ஒரு கறுப்புத் திட்டு பாதியில் அறுபட்டு, அடுத்த நூலிலேயே பச்சை தொடங்கும். காலர், பை மூடி, கைப்பட்டி என ஒவ்வொரு துண்டும் துணியின் வெவ்வேறு இடத்திலிருந்து வந்தது.

நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்தால் பாக்ஸ் ப்ரொஜெக்ஷன் (பெட்டியின் பக்கங்களிலிருந்து பாய்ச்சுவது போலப் படத்தை மாடல் மேல் போடுவது) போட்டது தெரிகிறது. அதில் டிசைன் உடம்பிலிருந்து பை மேல் ஏறி மறுபடி உடம்புக்கு வழுக்கிக்கொண்டு போகிறது. அதை விட்டுவிடுங்கள். தையல்காரர் எங்கே வெட்டுவாரோ அங்கேயே சீம் (வெட்டுக்கோடு) குறித்து யூவியை, அதாவது மாடலின் தட்டையான வரைபடத்தை, விரியுங்கள். முன் துண்டு இரண்டு, முதுகு, கைகள், பைகள் எல்லாம் தனித்தனித் தீவாக வரும். அளவு எல்லாவற்றுக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். பாவு நூல் ஓடும் திசை நிமிர்ந்து நிற்க வேண்டும். அப்புறம் ஒவ்வொரு தீவையும் இஷ்டம் போல நகர்த்துங்கள். இடம் மிச்சம் என்று சுழற்ற மட்டும் வேண்டாம். சாய்ந்த நெசவு கண்ணை உறுத்தும். மார்வலஸ் டிசைனர் என்ற ஆடை மென்பொருளில் தைப்பவர்களுக்கு இந்த வேலை மிச்சம், அங்கே துணி ஏற்கனவே துண்டுகளாகத்தான் இருக்கிறது.

கேள்வி: டிசைன் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? கண்ணளவில் போடலாமா?

பதில்: கண்ணளவில் போட்டவர்களில் முக்கால்வாசிப் பேர் பெரிதாகத்தான் போடுகிறார்கள், நான் உட்பட. அசல் சீருடையின் நேர்ப் படம் ஒன்றை எடுத்து, அதில் பொத்தானை அளவுகோலாக வையுங்கள். சீருடைப் பொத்தான் சுமார் 19 மி.மீ., அதாவது பொத்தான் கடைக் கணக்கில் 30 லைன். ஒரு திட்டின் நீளம் எத்தனை பொத்தான் என்று எண்ணினால் போதும்.

இதில் அலட்சியம் கூடாது. எம்81 என்பதே 1948இல் உருவான இஆர்டிஎல் என்ற பழைய அமெரிக்க ராணுவ டிசைனை 60 சதவீதம் பெரிதாக்கியதுதான். காட்டில் கிட்டத்தில் மறைவதற்காக இருந்ததை, ஐரோப்பாவில் தொலைவிலிருந்தும் மறைக்கும்படி ஊதிப் பெருக்கினார்கள். ஆகவே அளவைக் குறைத்துவிட்டால் 1980களின் சிப்பாய்க்கு வியட்நாம் காலத்துத் துணியை மாட்டிய மாதிரி ஆகிவிடும். தெரிந்தவர்கள் உடனே பிடித்துவிடுவார்கள்.

கேள்வி: டைல் எத்தனை பிக்சல் வைப்பது? கேமரா கிட்டப் போனால் நெசவும் தெரியவில்லை. 8கே (8192 பிக்சல்) படம் போடட்டுமா?

பதில்: 8கே வேண்டாம். அச்சையும் நெசவையும் பிரித்துவிடுங்கள், அசலிலும் அவை இரண்டு வேலைதானே. ரோட்டரி பிரின்டிங் பார்த்தவர்களுக்குத் தெரியும்: டிசைன் ஓர் உருளையில் இருக்கும், உருளை ஒரு சுற்று சுற்றினால் டிசைன் திரும்ப வரும். பரவலாகப் புழங்கும் உருளையின் சுற்றளவு 64 செ.மீ. அதையே டைல் அளவாக வைத்துக்கொண்டால் கணக்கு சுலபம். 2048 பிக்சல் படம் என்றால் ஒரு செ.மீ.க்கு 32 பிக்சல். திட்டுகளின் விளிம்புக்கு இது தாராளம்.

நெசவுக்கு இது பத்தாது. ஒரு செ.மீ.யில் 30 நூல் ஓடுகிறது என்று வையுங்கள், நூலுக்கு ஒரு பிக்சல்தான் மிஞ்சும். எனவே 4 செ.மீ. சதுரத்துக்கு 1024 பிக்சலில் தனியாக ஒரு நெசவு டைல் செய்யுங்கள். செ.மீ.க்கு 256 பிக்சல், நூலுக்கு எட்டுக்கு மேல் கிடைக்கும். அச்சு டைல் ஒன்றுக்கு அது 16 தடவை முழுசாக அடங்கும், மீதி வராது. இரண்டும் சேர்ந்தாலும் ஒரே ஒரு 4கே படத்தை விட நினைவகம் குறைவுதான் பிடிக்கும்.

எந்த நெசவு என்பதும் முக்கியம். முதலில் வந்த எம்81 சீருடை பாதி நைலான், பாதி பருத்தி கலந்த ட்வில். ஜீன்ஸ் போலச் சாய்வு வரி ஓடும். வெப்ப நாட்டுக்கு என்று பிறகு வந்தது முழுப் பருத்தி ரிப்ஸ்டாப். அதில்தான் சின்னச் சின்னக் கட்டமாகத் தடித்த நூல் தெரியும். எல்லாச் சிப்பாய்க்கும் ரிப்ஸ்டாப் கட்டம் போடும் பழக்கம் எப்படித் தொற்றியதோ தெரியவில்லை.

கேள்வி: டைலை நானே வரைய ஆசை. போட்டோவிலிருந்து எடுப்பதா, கையால் வரைவதா?

பதில்: கையால். போட்டோவில் வெளிச்சம் ஒரு பக்கம் கூடுதலாக விழுந்திருக்கும், மடிப்பு நிழல் இருக்கும்; டைல் போட்டதும் அது பட்டை பட்டையாகத் திரும்பத் திரும்ப வரும். கிரிட்டா என்ற வரையும் மென்பொருளில் டபிள்யூ விசையை அழுத்தினால் படம் நாலு பக்கமும் சுற்றி வந்து சேரும், விளிம்பைத் தாண்டி வரைந்தாலே போதும். கிம்ப், ஃபோட்டோஷாப்பில் ஆஃப்செட் போட்டு விளிம்பை நடுவுக்குக் கொண்டுவந்து திருத்தலாம்.

நிறத்தை நேரடியாகப் பூசாமல் மாஸ்க்காக, அதாவது எந்த நிறம் எங்கே என்று மட்டும் சொல்லும் படமாக வையுங்கள். அடித்துணி மணல் நிறம், அதன் மேல் பழுப்பு சிவப்புச் சேனலில், பச்சை பச்சைச் சேனலில், கறுப்பு நீலச் சேனலில். நாளைக்கு வெளுத்த துணி வேண்டும் என்றால் நான்கு நிறத்தை மாற்றினால் ஆயிற்று. வரைந்து முடித்ததும் 3க்கு 3 ஆக டைல் போட்டு, எழுந்துபோய்த் தள்ளி நின்று பாருங்கள். ஏதாவது ஒரு திட்டு நாய்த்தலை போலவோ வாத்து போலவோ தெரியும். என் முதல் டைலில் ஒரு யானை இருந்தது. ரெண்டர் முழுக்க யானைக் கூட்டம்.

கேள்வி: ரிபீட் தெரியாமலிருக்க ஹெக்ஸ் டைலிங் (டைலை அறுகோணத் துண்டுகளாக்கிக் கலப்பது), ராண்டம் சுழற்சி எல்லாம் போடலாமா?

பதில்: மண்ணுக்கும் புல்லுக்கும் போடுங்கள். இங்கே அது இரண்டு துண்டுகளைக் கலக்கும் இடத்தில் பச்சையும் கறுப்பும் மங்கி, அச்சில் இல்லாத ஐந்தாவது நிறம் ஒன்று பிறக்கும். மேலும் அசல் துணியே ரிபீட் ஆகிற பொருள்தான். சட்டை உயரம் 75 செ.மீ., டைல் 64 செ.மீ. என்றால் இன்னொரு தடவை முழுசாகத் திரும்ப வர இடமில்லை. ரிபீட் கண்ணில் குத்துகிறது என்றால் டைலைச் சிறிதாகப் போட்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

கேள்வி: சார், நிறம் கார்ட்டூன் போல அடிக்கிறது. துணியும் பிளாஸ்டிக் போல மின்னுகிறது.

பதில்: கறுப்பு என்றதும் சுழியம் போட்டிருப்பீர்கள். சாயம் ஏறிய துணி அவ்வளவு கறுக்காது. எஸ்ஆர்ஜிபியில் (0 முதல் 255 வரையான வழக்கமான நிற அளவு) 30 முதல் 50 வரை வையுங்கள், வெளுத்திருந்தால் இன்னும் ஏற்றலாம். மெட்டாலிக் (உலோகத் தன்மை) சுழியம், ரஃப்னஸ் (சொரசொரப்பு) 0.8க்கு மேல், கொஞ்சம் ஷீன் (துணிக்குரிய ஓர மினுக்கம்). ரஃப்னஸ் படத்தையும் மேடுபள்ளம் காட்டும் நார்மல் படத்தையும் ‘நான்-கலர்’ (நிறமல்ல, வெறும் அளவு) என்று மாற்ற மறந்தாலும் இந்த மினுமினுப்பு வரும்.

வெளுப்பு எங்கும் ஒரே மாதிரி வராது. காலர் மடிப்பு, பை விளிம்பு, முழங்கால், தையல் தடித்து நிற்கும் மேடு ஆகிய இடங்கள்தான் முதலில் தேயும். இன்னொன்று, அச்சு ஒரு பக்கம்தான்; துணியின் உள்பக்கம் வெளிறியிருக்கும். அமெரிக்க மரைன்கள் அந்த உள்பக்கம் வெளியே தெரியும்படிதான் கையை மடித்துவிடுவார்கள். தரைப்படையினர் மடிப்பில் வெளிப்பக்க அச்சுதான் தெரியும். மடித்த கைக்கு எந்த மெட்டீரியல் என்பதை வைத்தே ஆள் எந்தப் படை என்று சொல்லிவிடலாம்.

கேள்வி: இதே டைலை டாங்கிக்கும் போடலாமா?

பதில்: கூடாது. அது துணி அச்சு இல்லை, வரைபடத்தைப் பார்த்துத் தெளிக்கும் பெயின்ட். வண்டி முழுக்க நாலைந்து பெரிய திட்டுதான் வரும். கையால் மாஸ்க் வரையுங்கள்.

கேள்வி: இந்திய ராணுவத்தின் புதிய சீருடை டைல் செய்து விற்கலாமா?

பதில்: 2022 ஜனவரி 15, ராணுவ நாளில் வெளியான டிஜிட்டல் டிசைனைக் கேட்கிறீர்கள். நிஃப்ட் என்ற ஃபேஷன் கல்வி நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கியது. ராணுவம் அதை அறிவுசார் சொத்தாகப் பதிவு செய்துவிட்டது. நானாக இருந்தால் விற்பனைக்கு வைக்க மாட்டேன். மல்டிகேம் என்ற அமெரிக்க டிசைனும் ஒரு நிறுவனத்துக்குச் சொந்தமானது. விற்கத்தான் வேண்டும் என்றால் மாஸ்க்கில் சொந்தத் திட்டுகளை வரையுங்கள்.

கேள்வி: நெசவு மேடாக வர வேண்டிய இடத்தில் பள்ளமாகத் தெரிகிறது. ப்ளெண்டரில் சரியாகத்தான் இருந்தது, அன்ரியல் கேம் என்ஜினில்தான் இப்படி.

பதில்: நார்மல் படத்தின் பச்சைச் சேனலைத் தலைகீழாக்குங்கள். ப்ளெண்டர் ஓபன்ஜிஎல் முறை, அன்ரியல் டைரக்ட்எக்ஸ் முறை; இரண்டிலும் அந்தச் சேனலின் மேல் கீழ் எதிரெதிர்.

கேள்வி: அமெரிக்க மரைன்களின் மார்பேட் என்ற சதுரச் சதுரமான டிசைன் செய்கிறேன். சதுரங்கள் விளிம்பில் மங்குகின்றன. அதில் சின்னம் ஒளிந்திருக்கிறதாமே?

பதில்: டிசைனின் ஒரு சதுரம் உங்கள் படத்தில் முழு எண் பிக்சலாக இருக்கிறதா என்று பாருங்கள். 5.3 பிக்சல் என்றால் மங்கத்தான் செய்யும். மாஸ்க்குக்கு மட்டும் இன்டர்பொலேஷனை (பக்கத்துப் பிக்சல்களைக் கலக்கும் முறையை) ‘க்ளோசஸ்ட்’ ஆக்கலாம். சின்னம் இருப்பது உண்மைதான். கழுகு, உலக உருண்டை, நங்கூரம் சேர்ந்த மரைன் சின்னத்தைப் பொடியாக அச்சுக்குள்ளேயே விட்டிருக்கிறார்கள். ஆனால் செ.மீ.க்கு 32 பிக்சல் டைலில் அதை வரைந்தால் அழுக்குக் கறை போலத்தான் விழும். குளோசப்பில் வரும் ஒரே ஓர் இடத்தில், பை மூடி மேல், தனி டெக்காலாக (ஸ்டிக்கர் போன்ற சின்னப் படமாக) ஒட்டிவிடுங்கள்.