ஜெனரேட்டர் பாக்குறதும் ஊழியமா?

கேள்வி: ஜாம்பியாவுல ஒரு கிராமத்துல 9 வருஷமா சபை ஊழியம் செய்றோம். இப்ப வடமேற்கு மாகாணத்துல ஒரு மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்றாங்க, எனக்கு மெயின்டனன்ஸ், மனைவிக்கு ஸ்டோர். நான் ஐடிஐ எலக்ட்ரீஷியன்தான். ஆனா வசனத்தை விட்டுட்டு பந்திவிசாரணை (சாப்பாடு பரிமாறுற வேல) செய்றது தகுதியில்லன்னு பைபிள்ல அப்போஸ்தலர் 6ல இருக்கே, எங்கள கீழ இறக்கிட்டாங்களோன்னு மனசு அடிச்சிக்குது.

பதில்: தம்பி, அதே அதிகாரத்த இன்னும் கொஞ்சம் படிங்க. பந்திவிசாரணைக்குன்னு தெரிஞ்செடுத்த ஏழு பேர்ல ஸ்தேவான் ஒருத்தர், பிலிப்பு இன்னொருத்தர், அந்த பிலிப்புதான் 8ஆம் அதிகாரத்துல எத்தியோப்பிய மந்திரியோட ரதத்துல ஏறி உக்காந்து வசனம் சொல்லி ஞானஸ்நானமும் குடுத்தார். சோறு பரிமாற வச்ச ஆள்தான் ஆப்பிரிக்காக்காரர் ஒருத்தருக்கு சுவிசேஷம் சொன்னது!

2024ல மழை பொய்ச்சு, ஜாம்பியாவுக்கு கரண்ட் குடுக்குற கரிபா அணை வத்திப்போய் மணிக்கணக்கா கரண்ட் இல்லாம கிடந்தது உங்களுக்கே தெரியும். வீட்ல மெழுகுவர்த்தி ஏத்திக்கலாம், ஆனா வார்டுல நிமோனியாவோட மூச்சு வாங்குற குழந்தைக்கு ஆக்சிஜன் குடுக்குற கான்சென்ட்ரேட்டர் மெஷின் கரண்ட் போனா நின்னுடும், அந்த நேரம் டாக்டர் எவ்ளோ கெட்டிக்காரரா இருந்தாலும் ஜெனரேட்டர எழுப்பத் தெரிஞ்ச ஆளத்தான் தேடுவார். கென்யாவுல டென்வெக் மிஷன் ஆஸ்பத்திரில 1987லயே ஆத்துத் தண்ணிலேர்ந்து சொந்தமா கரண்ட் எடுத்தாங்கன்னா சும்மாவா.

லைபீரியாவுல 2014ல எபோலா வந்தப்போ நான்சி ரைட்போல்னு ஒரு மிஷனரி அம்மா இருந்தாங்க, அவங்க டாக்டரும் இல்ல நர்சும் இல்ல, வார்டுக்குள்ள போய்ட்டு வர்றவங்கள மருந்து தெளிச்சு சுத்தம் பண்றதுதான் அவங்க வேல, அந்த சமயத்துல அவங்களுக்கும் எபோலா வந்து சாவு வரைக்கும் போய்த் திரும்புனாங்க. அவங்க வீட்டுக்காரர் அதே ஆஸ்பத்திரி வளாகத்துல மெயின்டனன்ஸ். குணமானதும் திரும்ப லைபீரியாவுக்கே போனாங்க. இவங்கள கீழ இறக்குனதா நெனைக்க எனக்கு வாய் வராது தம்பி.

ஆனா கண்ண மூடிட்டு சரின்னு சொல்லிடாதீங்க. உங்க கிராமத்து சபைய யார் கையில ஒப்படைக்கப் போறீங்கன்னு முடிவாகாம பெட்டி கட்டாதீங்க. ஆஸ்பத்திரில உங்ககூட வேல செய்ய ஒரு ஜாம்பியா தம்பிய முதல் மாசமே போடச் சொல்லுங்க, நீங்க லீவுல ஊருக்கு வந்தா அங்க மோட்டார் ஓடணும்ல. வெளிநாட்டுக்காரங்க அனுப்புன 110 வோல்ட் மெஷின்லாம் இருக்கான்னு கேளுங்க, டிரான்ஸ்பார்மர் இல்லாம 230ல சொருகுனா போச்சு. உங்களுக்கு பெம்பா தெரியும், ஆனா அந்தப் பக்கம் கவோண்டே, லுண்டான்னு வேற பாஷை, அதனால படிக்க ஆறு மாசமாவது கேட்டு வாங்குங்க. உங்கள தாங்குற சபைகளுக்கும் வேல மாறுறத ஒளிக்காம எழுதிடுங்க.

தங்கச்சி, அதான் உங்க மனைவி பத்தி ஒரே வரிதான் எழுதியிருக்கீங்க, அதான் எனக்கு உறுத்துது. ஸ்டோர் அவங்க கேட்டதா, இல்ல உங்ககூட வர்றாங்கன்னு சேத்து விட்டதா? 9 வருஷமா பொம்பளைங்க கூட்டம் நடத்துனவங்கன்னா, வார்டுக்கு வெளிய அடுப்பு மூட்டி ன்ஷிமா (சோளமாவுக் களி) கிண்டிக்கிட்டு நாள்கணக்கா காத்துக் கிடக்குற சொந்தக்காரங்க நடுவுல அவங்களுக்கு இடம் இருக்கு. இன்னிக்கி ராத்திரி அவங்ககிட்ட உக்காந்து கேளுங்க, அவங்க சொல்றதையும் சேத்து எனக்கு மறுபடி எழுதுங்க.