வெதுவெதுப்பான கிணறும் ஒன்றரை இலட்சம் ரூபாய் வரைபடமும்

மட்டக்களப்பு மாவட்டத்துக் கரடியனாற்றில் உள்ள தமது மேட்டுக்காணியின் குழாய்க்கிணற்றில் தண்ணீர் இளஞ்சூடாக வருவதாகவும், நிலவெப்ப மின்சாரத்துக்கு, அதாவது நிலத்தின் ஆழத்துச் சூட்டைக்கொண்டு எடுக்கும் மின்சாரத்துக்கு, ஏற்ற காணி என்று வரைபடம் எடுத்துத் தருவதற்கு ஒரு தரகர் ஒன்றரை இலட்சம் ரூபாய் கேட்பதாகவும், கொடுக்கலாமா என்றும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

கொடுக்க வேண்டாம். பம்பை அரைமணி நேரம் ஓடவிட்டு, மேல்தொட்டியிலோ வெயிலில் கிடக்கும் குழாயின் நுனியிலோ அல்லாமல், கிணற்று வாயிலேயே ஒரு வாளி நீரைப் பிடித்து வெப்பமானியை வையுங்கள். நம் பகுதியில் நிலத்தடி நீர் இயல்பாகவே 28 முதல் 30 பாகை செல்சியஸ் வரை இருக்கும். மார்கழி விடியலில் கைவைத்தால் அது சுடுநீர் போலத்தான் தெரியும்.

நிலத்தின் ஆழத்திலிருந்து மேலே வரும் வெப்பத்தை, அதாவது நிலவெப்பப் பாய்ச்சலை, அளப்பவர்கள் ஆழமாகத் துளையிட்டு, துளைத்ததால் உண்டான வெப்பக் குழப்பம் அடங்கும்வரை காத்திருந்து, வெப்பமானியை இறக்கி, ஆழத்துக்கேற்ப வெப்பம் ஏறும் வீதத்தைக் குறித்து, அந்தத் துளையில் எடுத்த கல் வெப்பத்தைக் கடத்தும் திறனால் அதைப் பெருக்குவார்கள். அத்தகைய துளைகள் பலவற்றின் கணக்கைச் சேர்த்தால்தான் வரைபடம். தரகர் மடிக்கணினியில் காட்டும் சிவப்பும் நீலமுமான செய்மதிப் படம் நிலத்தின் மேல்தோலைத்தான் காட்டுகிறது. அறுவடை முடிந்து காய்ந்த வயல் அதில் சிவக்கும், குளக்கட்டு மரநிழல் நீலமாகும்.

நம் காலடியில் இருப்பது எரிமலை நிலமன்று, மிகப் பழைய கருங்கல். கிலோமீற்றருக்கு 25 பாகை ஏறுவதாக வைத்தாலும், மின்சாரம் எடுக்கப் பொதுவாகத் தேடும் 150 பாகையைத் தொட ஏறக்குறைய 5 கிலோமீற்றர் துளைக்க வேண்டும்.

அப்படியானால் மகாஓயா எப்படி என்று கேட்பீர்கள். அம்பாறை மாவட்டத்து அந்த வெந்நீரூற்றில் நீர் ஏறக்குறைய 55 பாகை வரை சுடுவது உண்மைதான். ஆனால் அது மழைநீர் பாறை வெடிப்பு வழியே ஆழத்துக்கு இறங்கிச் சூடேறி, இன்னொரு வெடிப்பு வழியே ஆறுவதற்குள் மேலே வந்துவிடுவதால் நேர்வது. வெடிப்பை விட்டு விலகிய காணி சாதாரணக் காணியே. ஊற்றின் அருகே 50 மீற்றர் துளையில் கண்ட ஏற்றத்தை அப்படியே கீழே நீட்டிக் கணக்குப் போட்டால் 2 கிலோமீற்றரில் உலை கொதிப்பது போல விடை வரும். தரகர்களுக்குப் பிடித்தமான கணக்கு இதுதான்.

இந்த ஏமாற்றுக்கு இடம் கிடைப்பதற்கு நம் அலுவலகங்களும் காரணம். துளைப்பதிவுகளைத் தேடி ஓர் அலுவலகத்துக்கு நான் மூன்று முறை நடந்தேன். ஆழம் இருந்தது, நீரளவு இருந்தது. வெப்பநிலைக்கு ஒரு கட்டம்கூட இல்லை. ஒரு வெப்பமானி வாங்க எத்தனை கையொப்பம் வேண்டுமோ!

உங்கள் அளவு 40 பாகையைத் தாண்டினால் மட்டும், கிணற்றின் ஆழத்தையும் அளந்த திகதியையும் சேர்த்துப் புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகத்துக்குப் பதிவுத் தபாலில் எழுதுங்கள், பிரதியொன்றை வைத்துக்கொள்ளுங்கள்.